கேட்டுவிட்டு அழிக்கும் கம்ப்யூட்டர்

மங்களூர் மீன் ஏற்றுமதி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி இது: எங்கள் நிறுவனத்து சர்வர் புதிய பதிப்புக்கு மாறியது. தேங்காய் உடைத்து, சர்வருக்குக் குங்குமம் இட்டு, கணினிப் பிரிவின் தலைவர் பாலிகா சார் தம் திருக்கரத்தால் விசையைத் தட்டினார். நடுவில் அது ஒரு கேள்வி கேட்டது. பழைய அமைப்புக் கோப்பையே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? எங்கள் தற்காலிக இன்ஜினியர் சௌபர்ணிகா, பழையதே இருக்கட்டும் என்றாள்.

"புதுசாக்கத்தானே மாராய்த்தி தேங்காய் உடைச்சது?" என்று, பெண்களை 'அம்மா தாயே' என்பதுபோல் விளிக்கும் மங்களூர் பாணியில் கேட்டுவிட்டு, அவர் புதியதைப் போட்டார். கைதட்டிவிட்டு கோளிபஜே போண்டா சாப்பிடப் போனோம்.

பாலிகா வெள்ளிக்கிழமைதோறும் பொதுக் கோப்புறையைச் சுத்தம் செய்வார். ஆர்.எம். என்று தட்டி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார். எல்லாவற்றையும் அழி என்று அதற்கு அர்த்தம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பாக 'அழிக்கட்டுமா?' என்று கேட்கும். வேண்டாததற்கு ஆமாம், வேண்டியதற்கு இல்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை ஒரு கலையாகவே வகுப்பெடுத்து வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் எதையும் கேட்கவில்லை. ஏற்றுமதிச் சான்றிதழ்கள் மொத்தமும் போய்விட்டன.

பழி சௌபர்ணிகா தலையில் விழுந்தது. அவளை நிரந்தரமாக்கும் உத்தரவில் பாலிகா கையெழுத்திட வேண்டிய நேரம் வேறு. காரணத்தைக் கண்டுபிடி, இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

அவள் இரவுதோறும் எடுத்து வைக்கும் நகல்களில், முந்தைய நாள் நகலிலிருந்து சான்றிதழ்களை மீட்டாள். பிறகு, மூலையில் பதிப்பு மாற்றாமல் கிடந்த இன்னொரு பழைய சர்வரிடமும் புதியதிடமும் ஆர்.எம். என்றால் என்ன என்று தனித்தனியாக விசாரித்தாள். பழையது, 'கேட்டுவிட்டு அழி' என்றது. புதியது, 'அழி' என்றது. அவ்வளவுதான் வித்தியாசம். எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ பழைய அமைப்புக் கோப்பில் அப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தார். பாலிகா போட்ட புதிய கோப்பில் அது இல்லை.

கேன்டீனில் என்னிடம் சொன்னாள். "ஆர்.எம். எப்பவுமே கேக்காதுண்ணா. யாரோ புண்ணியவான் அதுக்கு வாய் வெச்சிருக்கார்."

"வாயை அடைச்சது யாருன்னும் சொல்லப்போறியா?"

"எனக்கு வேலை வேணும்ண்ணா."

பாலிகாவிடம் அவள், புதிய பதிப்புக்குத் தங்கள் வழக்கம் தெரியவில்லை, அந்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பழசே இருக்கட்டும்னு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, மகிழ்ச்சியோடு அவளுடைய உத்தரவில் கணினியிலேயே கையெழுத்திட்டுப் பொதுக் கோப்புறையில் போட்டார். மாலையில் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் மிகுந்த மரியாதையோடு ஒவ்வொன்றாகக் கேட்டது. அவர் போனில், மரியாதை தெரிந்த கம்ப்யூட்டரைத் தாம் உருவாக்கிய கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டே, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். காலையில் பிறந்த உத்தரவு முந்தைய நாள் நகலில் இருக்க வழியில்லை. ஒரே உத்தரவில் இரண்டு முறை கையெழுத்திடுவதில்லை என்பது அவருடைய கொள்கை.

சௌபர்ணிகா இன்னும் தற்காலிகம்தான்.