குவஹாத்திக்கு நடந்த மின்விசிறி

எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கிறது. நடப்பது என் மகள் மங்கைக்காக. காலை ஒன்பது மணிக்கு அவள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மின்விசிறியின் இறக்கையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவாள். மாலை நான்கு மணிக்குள் அது நடந்து முடித்துவிடும்.

மங்கை ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நிறுவனம் அவளுக்கு இரண்டு பொருள்களை அனுப்பியிருந்தது. ஒன்று, அவள் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்க்கும் நாற்காலி. மற்றது, அதே ஒன்பது மணி நேரத்தில் பத்தாயிரம் அடி நடந்தாளா என்று பார்க்கும் கைக்கடிகாரம். இரண்டையும் வெவ்வேறு பிரிவுகள் அனுப்பியிருந்தன. அவற்றுக்குள் பழக்கமில்லை. எழுந்தால் நாற்காலி புகார் சொல்லும், எழாவிட்டால் கடிகாரம் சொல்லும். ஆகவே மங்கை உட்கார்ந்தாள், மின்விசிறி நடந்தது.

மூன்று நாள் அடி குறைந்தால் குவஹாத்திக் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மேடு பள்ளம் அதிகம், நடை தானாக வந்துவிடும் என்பது கடிகாரம் அனுப்பிய நலப் பிரிவின் எண்ணம். மங்கை போய்விட்டால் இந்த வீட்டில் பேசுவதும் நான், ‘ம்’ கொட்டுவதும் நான் என்று ஆகிவிடும். அதனால் மின்விசிறியை நான் நன்றாகவே கவனித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் கால் துடைத்துவிட்டேன்.

எதிர் வீட்டு சகாயராணியின் கணவருக்கு அலுவலகத்தில் தூக்கத்தை அளக்கும் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குத் தூக்கம் வராது. கடிகாரத்தை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவார். அரிசி எட்டு மணி நேரம் அசையாமல் தூங்கும். அவர்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டவர்கள் சாயங்காலம்வரை எழுந்திருப்பதில்லை. எண்ணுகிற கருவிகள் வந்தபிறகு, எண்ணப்படுகிற காரியத்தைச் செய்ய ஆள் தேட வேண்டியதாகிவிட்டது. இது என் கருத்து. சகாயராணிக்கும் இதே கருத்துதான், ஆனால் பாதி சொல்வதற்குள் தூங்கிவிடுவாள்.

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று நான் முக்காலியில் ஏறி, ஒட்டடைக் குச்சியால் இறக்கைகளைத் தள்ளி மின்விசிறியை நடத்துவேன். நாலாயிரம் அடி தாண்டியதும் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒருமுறை சகாயராணி வாசலில் நின்று பார்த்தாள்.

“ஏன்க்கா, அந்த வாட்ச நீங்க கட்டிக்கிட்டு ரெண்டு தெரு சுத்திட்டு வந்தா முடிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்கு இந்த சர்க்கஸ்?”

“என் நடையை அவள் பேரில் எழுதினா அது மோசடி இல்லையா, சகாயம்?”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிக் குச்சியை வாங்கிக்கொண்டாள். மீதி ஆறாயிரத்தையும் அவளே தள்ளினாள்.

ஏழாம் மாதத்தில் மின்விசிறி முனக ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் ரஹ்மத்துல்லா பாயை அழைத்தேன். அவர் ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றி, நெடுநேரம் பார்த்தார்.

“குதிகால் தேஞ்சிருக்கும்மா. எதுவரைக்கும் போயிருக்கு?”

மங்கை நாற்காலியில் இருந்தபடியே கைப்பேசியைப் பார்த்தாள். கடிகாரத்தின் அடிகளை நிறுவனம் வரைபடத்தில் ஒரு நீலக் கோடாக வரைந்துவந்தது. சென்னையில் தொடங்கும் கோடு அது.

“புவனேஸ்வர் தாண்டிருச்சு, பாய்.”

“அதான பார்த்தேன். மனுசனா இருந்தா விஜயவாடாவுலயே உக்காந்து லாட்ஜ் தேடியிருப்பான்” என்று சொல்லி எண்ணெய் விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வு கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். அன்று நான் பழைய செய்தித்தாளால் விசிறிக்கொள்வேன்.

பதினைந்தாம் மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் நலப் பிரிவிலிருந்து ஆதவராஜ் என்பவர் தொலைபேசியில் வந்தார். மங்கையின் வாயில் உப்புமா இருந்ததால் நான் எடுத்தேன்.

“அம்மாங்களா? வாழ்த்துகள் மேடம். உங்க பொண்ணு நேத்து சாயங்காலம் குவஹாத்தி போய்ச் சேந்துட்டாங்க. நம்ம கம்பெனியில நடந்தே கடைசிக் கிளைக்குப் போன முதல் ஆள் இவங்கதான்.”

நீலக் கோடு அங்கே போய் முடியும் என்பதை நாங்கள் கேட்டுவைத்திருக்கவில்லை.

“அவ இங்கதான் இருக்கா சார். உப்புமா சாப்பிடுறா.”

“சாப்பிடட்டும் மேடம். போய்ச் சேந்தவங்கள அங்கயே அமர்த்திடணும்னு விதி இருக்கு. மூணாவது மாடியில, ஜன்னலோரமா சீட்டு போட்டாச்சு. திங்கக்கிழமை காலைல அதுல உக்காரணும். உக்காரலைன்னா வேலைய விட்டுட்டதா எடுத்துக்குவோம்.”

“எப்படி வருவா?”

“அவங்க ஏற்கெனவே அங்கதான மேடம் இருக்காங்க. மாடி ஏறினாப் போதும். லிப்ட் உண்டு.”

நான் தொலைபேசியை வைத்தேன். மங்கை மீதி உப்புமாவைச் சாப்பிட்டு முடித்தாள்.

“அங்க குளிருமாம்மா?”

“குளிரும். என் பச்சைச் சால்வையை எடுத்துக்கோ.”

அன்று பகல் முழுவதும் நான் அவளுடைய துணிகளை மடித்தேன். மடித்ததைப் பிரித்து, மறுபடியும் மடித்தேன். அவளைப் போகவிடாமல் இருக்க நடந்த மின்விசிறிதான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அது சொன்ன வேலையைச் செய்தது. வேலையைச் சரியாகச் செய்கிறவர்களிடம் எங்கே போக வேண்டும் என்பதையும் நாம் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை ரஹ்மத்துல்லா பாயை மறுபடி அழைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “போன வழியாவே திரும்பக் கூட்டிட்டு வந்துருவோம்” என்றார். கண்டென்சரின் இரண்டு ஒயர்களைப் பிடுங்கி இடம் மாற்றிக் கொடுத்தார். மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.

“காத்து இனிமே மேலதான் போகும்மா. கீழ வராது.”

“வராட்டிப் போகுது, பாய்.”

பத்து நிமிடத்தில் நீலக் கோடு குவஹாத்தியை விட்டு ஒரு நூல் பின்வாங்கியது. ஆதவராஜே அழைத்தார். மங்கை திரும்பி வந்துகொண்டிருப்பதை நிறுவனம் கவனித்துவிட்டது. வழியில் இருப்பவரை எந்த இருக்கையிலும் அமர்த்த முடியாது, வந்து சேரும்வரை வேலை கொடுக்கவும் முடியாது, சம்பளம் மட்டும் வந்துகொண்டிருக்கும் என்றார். குரலில் வருத்தம் இருந்தது. “பத்திரமா வரச் சொல்லுங்க மேடம்.”

சற்று நேரத்தில் நாற்காலியின் பச்சை விளக்கு அணைந்தது. மங்கை எழுந்தாள். நின்றாள். பிறகு அடுக்களை வரைக்கும் போனாள், அங்கிருந்து பால்கனிக்கு வந்தாள், மறுபடி அடுக்களைக்குப் போனாள். எத்தனை அடி என்று யாருக்கும் தெரியாது. பின் என் அருகில் தரையில் உட்கார்ந்து, அவரைக்காயை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள். ஓர் ஆண்டுக்கு மேலாக அவள் முகத்தை நான் பக்கவாட்டில் மட்டுமே பார்த்திருந்தேன். மூக்கின் இடப்பக்கம் ஒரு மச்சம் புதிதாக வந்திருந்தது.

பாய் ஏணியை மடித்துக்கொண்டு, ரெகுலேட்டர் பக்கத்தில் போய் நின்றார்.

“எத்தனைல வைக்கட்டும்மா? நாலுல வெச்சா ஒன்னேகால் வருசத்துல மெட்ராஸ் வந்துரும்.”

“ஒன்றிலே?”

“ஒன்னுலன்னா அஞ்சு வருசம் ஆகும்.”

நான் மங்கையைப் பார்க்கவில்லை.

“ஒன்றிலேயே வைங்க, பாய். அதுக்குக் குதிகால் வேற தேஞ்சிருக்கு.”

“அதுவும் ஞாயந்தான்” என்றார் அவர்.

மங்கை அவரைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “ஞாயித்துக்கிழமை லீவு உண்டுல்லம்மா அதுக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“புதன்கிழமையும் உண்டு” என்றேன்.

நேற்று மின்விசிறி வங்காளத்தில் ஜல்பாய்குரியை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நானும் மங்கையும் கூடத்தில் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். ரசம் மட்டும் கொஞ்சம் நீர்த்துப்போனது.