மறியல் அன்னிக்கு நரிக்குட்டி

அந்த ஞாயித்துக்கெழம பூமாலைக்கு ரெண்டு கவலை. எடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த எண்பத்தேழாம் வருசம் அது. கச்சிராயபாளையம் ரோட்டுல பொழுது சாயற வரைக்கும் ஒரு வண்டி நகரக்கூடாது, ஒரு கடை தொறக்கக்கூடாது. அதுக்குப் பொறுப்பு அவருதான். இன்னொரு கவலை, நரிக்குட்டி பொழச்சுதா இல்லையான்னு.

டிவியில வர்ற நரிக்குட்டிதாங்க. வாராவாரம் மஜீத் பாயோட ரேடியோ கடை வாசல்ல ஊரே நின்னு பாக்கும். பனி கொட்டுற ஏதோ ஒரு தேசத்துல ஒரு நரி, மூணு குட்டி போட்டுச்சு. வெயில் காலத்துல ஒண்ண கழுகு தூக்கிக்கினு போச்சு. எல உதிர்ற காலத்துல தாய் மிச்ச ரெண்டையும் வெரட்டி வுட்டுடுச்சு. அதுல ஒண்ணு நொண்டி. இன்னிக்குக் கடைசி வாரம், குளிர்காலம்.

மறியல் ஆளுங்களுக்குச் சோறு கொண்டாந்த பூமாலை பொண்டாட்டி பச்சையம்மாள் அடிச்சுச் சொன்னாங்க: "அது தாங்காதுய்யா. காலு வேற இழுக்குது."

"தாங்கும். நீ சோத்தப் போடு."

சொல்லிட்டாரே தவிர, அவருக்குச் சோறு எறங்கல. பின்பக்கமா பாய் வூட்டுக்கு நடந்தாரு.

"பாய், ஷட்டர ஒரு சாண் தூக்குனா போதும்."

"காலையில வந்து மூடச் சொன்னது யாருண்ணே?" மஜீத் டீய உறிஞ்சிக்கினே கேட்டாரு. "நான் தொறந்தா உங்க பசங்களே கல்லு வுடுவானுங்க."

நெசந்தான். பூமாலை தாடிய சொறிஞ்சாரு. "பேட்டரியில ஓடுமே, அந்தச் சின்ன டிவி?"

"ஓடும். பேட்டரிக்கு எங்க போறது?"

"கடைய தொறக்க வாணாம். மறியல வுட்டுட்டு நான் வூட்டுல குந்தவும் முடியாது. பின்வாசல் வழியா டிவிய மட்டும் தூக்கிக்கினு வா. ரோடு இன்னிக்கு நம்மளதுதான்."

ரோட்டுல வெட்டிப் போட்ட புளியமரத்துக்குப் பின்னால வெள்ளிமலை பஸ்ஸு காலையில இருந்து நிக்குது. டிரைவர் பிச்சைமுத்து டவல விரிச்சுப் படுத்திருந்தாரு. பூமாலை வெசயத்தச் சொன்னதும் எழுந்து உக்காந்தாரு.

"வண்டியத்தான் புடிச்சு வெச்சீங்க, இப்ப பேட்டரியும் வேணுமா? அது இன்னா படம்?"

"நரிங்க."

"அந்த நொண்டியா? முன்னாடியே சொல்றதில்ல?" அவரே ஸ்பேனர எடுத்துக்கினு எறங்கிட்டாரு.

ஆன்டெனாவ பஸ்ஸு மேல கட்டுனாங்க. டிவி டிரைவர் சீட்டுல. மலைக்குப் போற சனங்களும் மறியல் பண்ண சனங்களும் ஒண்ணா நெருக்கிக்கினு உக்காந்தாங்க. ஜன்னல்ல பாதி ஊரு தொங்குச்சு.

திரையெல்லாம் வெள்ளை. மலைக்காரர் ஒருத்தர் கேட்டாரு, "இன்னா பாய், உப்பளமா?"

"பனிங்க. பேசாம பாருங்க."

ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. காத்து அடிக்குது, மரம் மொட்டையா நிக்குது. ஒரு நரி வந்துச்சு, அதுக்கு நாலு காலும் நல்லா இருந்துச்சு. பச்சையம்மாள் புருசன் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. பூமாலை வேர்வைய தொடச்சாரு. மறியல் முடியற நேரமாச்சுன்னு யாரோ வெளியில இருந்து சொன்னதுக்கு, "இருய்யா"ன்னு உள்ள இருந்த அத்தன பேரும் அதட்டுனாங்க.

அப்பறம் தூரத்துல ஒரு புள்ளி. இழுத்து இழுத்து வந்துச்சு. நின்னுச்சு, காத தூக்குச்சு, ஒரே தாவு. தலை பனிக்குள்ள, வாலு மட்டும் மேல. வெளிய வந்தப்ப வாயில எலி.

பஸ்ஸு ஆடுற அளவுக்கு விசில். பூமாலை துண்டால கண்ண தொடச்சிக்கினு, "தூசி"ன்னாரு.

பொழுது சாஞ்சுது, மரத்த நவுத்துனாங்க. பிச்சைமுத்து பேட்டரிய மாட்டி சாவிய திருகுனாரு. கர்ருன்னுச்சு, அப்பறம் அதுவும் இல்ல. பழைய பேட்டரி, இருந்த உசுரெல்லாம் நரிக்குப் போயிடுச்சு.

பகலெல்லாம் நிறுத்தி வெச்ச பஸ்ஸ, நிறுத்துன ஆளுங்களே முதுகக் குடுத்துத் தள்ளுனாங்க. முன்னால பூமாலை. பச்சையம்மாள் காலிக்குண்டான இடுப்புல வெச்சிக்கினு கூடவே நடந்தாங்க.

"நல்லா தள்ளுய்யா. அந்த நொண்டிக்கு இருந்த தெம்பு கூடவா ஒனக்கு இல்ல?"