ஆளுக்கு ஒரு புள்ளி

விலை ஒரு புள்ளி என்று முடிந்தது. ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் யாரும் ஆசைப்படக் கூடாது. நேர்மைக்கு விலையே கிடையாது என்பார்கள். அதெல்லாம் கடை வைத்திராதவர்கள் சொல்வது. ஸ்கேட்டின் கத்தியைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தபடி பிரோஷ்கா தீப்பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கும் காது கேட்காத அந்தச் சத்தத்தில் இரண்டு அணித் தலைவிகளும் பேசி முடித்தார்கள்.

“பத்து நிமிஷம் மிச்சம் இருக்கறப்போ சமமா இருந்தா, அப்புறம் ஒருத்தரும் கோல் பக்கம் போறதில்ல,” என்றாள் ஸ்லாவ்கா.

“அறுபது நிமிஷம் முடிஞ்சதும் உன் பல்லை உடைக்கலாம்ல?”

“இருக்கறதே நாலு முன்பல்லு. அதுல ரெண்டு கட்டினது. தாராளமா உடைச்சுக்கோடி.”

நான்கு நாடுகளிலிருந்து நான்கு ஊர் அணிகள் வந்து மோதும் டான்யூப் பெண்கள் ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் அது. அறுபது நிமிடத்துக்குள் ஜெயித்தால் மூன்று புள்ளி. கடைசியில் நிற்கும் அணிக்கு அடுத்த வருஷம் இடமில்லை. ஆஸ்திரியப் பெண்கள் மூன்று பேரையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற மூன்று அணிகளிடமும் தலா இரண்டு புள்ளி. செர்பியாவுக்கு ஆட்டம் எல்லாம் முடிந்துவிட்டது. ஆற்றின் ஸ்லொவாக்கியக் கரையிலிருந்து வந்த ஸ்லாவ்காவின் அணியும், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹங்கேரியக் கரையின் பிரோஷ்கா அணியும் மோதுவதுதான் பாக்கி. அறுபது நிமிடத்துக்குள் தோற்கிற அணி இரண்டு புள்ளியிலேயே நின்று, கோல் கணக்கில் செர்பியாவுக்குக் கீழே இறங்கி, வெளியே போகும். அறுபது நிமிடமும் சமமாகப் போனாலோ, இரண்டு பேர் கணக்கிலும் ஒவ்வொரு புள்ளியை எழுதிவிட்டுத்தான் கூடுதல் நேரமே தொடங்கும். இரண்டு பேரும் பிழைத்தார்கள். செர்பியா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூட்டை கட்டுவதென்றால் ஸ்லாவ்காவின் அணிக்கு அது அடுத்த வருஷத்தோடு போகிற விஷயமில்லை. சாம்பியன்ஷிப்பில் இடம் போனால் வாரம் இரண்டு மாலை அவர்களுக்கு விட்டிருக்கும் ஐஸ் அரங்கை, தொப்பை கரைக்க ஆடும் கனவான்களுக்குக் கொடுத்துவிடுவதாக நகரசபையில் சொல்லியாகிவிட்டது. பஸ் ஓட்டுகிறவள், நர்ஸ், ரொட்டிக் கடைக்காரி என்று ஒவ்வொருத்தியாகக் கெஞ்சிக் கூட்டி வந்து அவள் கட்டிய அணி. ஐஸ் இல்லாத ஹாக்கி அணி, ஆறு வற்றிய ஊரில் படகுச் சங்கம் மாதிரி. ஒரு பொங்கு பொங்கிவிட்டுக் கலைந்துபோகும்.

பிரோஷ்காவை நம்பாமல் யாரை நம்புவது? கோடையில் அவளுடைய தர்பூசணி லாரி பாலம் கடந்து இந்தக் கரைச் சந்தைக்கு வரும். குளிர்காலத்தில் ஸ்லாவ்காவின் கம்பளிக் காலுறைகள் அந்தக் கரைக்குப் போகும். இடையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்ததில்லை. புருஷனை விட்டு வந்த மாதம் முழுக்க ஸ்லாவ்கா படுத்துக் கிடந்தது பிரோஷ்காவின் சமையலறைப் பெஞ்சில்தான்.

ஆனாலும் சந்தைக்கு ஒரு முறை உண்டு. பேரம் படிந்தால் விற்றவரும் வாங்கியவரும் ஆளுக்கு ஒரு வாய் பாலிங்கா குடிக்க வேண்டும். நெஞ்சு எரிய அந்தப் பழச்சாராயம் உள்ளே இறங்கினால்தான் பேரம் பேரம். குடிக்காதவரை அது வெறும் பேச்சு. நாளைக்கு மாற்றிக்கொண்டாலும் கேட்பாரில்லை. ஸ்லாவ்கா பைக்குள்ளிருந்து சின்னப் புட்டியை எடுத்தாள்.

“மேட்ச் இருக்குடி, மூக்குல வாடை வரும்,” என்றாள் பிரோஷ்கா. “சாயங்காலம் உக்காந்து குடிப்போம்.”

வேறெந்த வியாபாரி இப்படிச் சொல்லியிருந்தாலும் ஸ்லாவ்கா கையை உதறிவிட்டுப் போயிருப்பாள். அன்றைக்குப் புட்டியை மூடி உள்ளே வைத்தாள். பிரோஷ்காவின் நிதானத்தை மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

தன் அணியில் யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் பாவம் எல்லோருக்கும் பங்காகும்; போதாததற்கு ரொட்டிக் கடைக்காரி வாயில் அது ஊறக்கூட ஊறாது. ஆட்டம் நிஜமாகவே நடந்தது. இரண்டுக்கு இரண்டு. பேசிவைத்த பத்து நிமிடம் வந்ததும் ரப்பர் வட்டு நடுக்களத்தில் சோம்பேறி மாடு போலச் சுற்ற ஆரம்பித்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற செர்பியப் பெண்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் கத்தினார்கள்.

லூபாவுக்கு இதெல்லாம் தெரியாது. இருபது வயது, ஸ்லாவ்காவின் அணியிலேயே வேகமான கால் அவளுடையது. யாரோ தவறவிட்ட வட்டு மட்டையில் ஒட்டிக்கொள்ள, அவள் தனியாகக் கிளம்பிவிட்டாள். எதிரே கோல் கீப்பரைத் தவிர ஒருத்தரும் இல்லை. ஸ்லாவ்கா அவளை விரட்டிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து, “லூபா, இங்க, எனக்கு!” என்று கத்தினாள். வலை வாசல்வரை போன பெண், தலைவி கூப்பிட்ட ஒரே காரணத்துக்காக வட்டைப் பின்னால் தள்ளிவிட்டாள். அரங்கமே பெருமூச்சு விட்டது. பிரோஷ்கா மட்டும் மட்டையை ஊன்றிக்கொண்டு ஸ்லாவ்காவையே பார்த்தாள். நன்றி சொல்கிறாள் என்று ஸ்லாவ்கா எடுத்துக்கொண்டாள்.

கடைசி நிமிடத்தில் வட்டு ஸ்லாவ்காவின் மட்டையில்தான் இருந்தது. தன் வலைக்குப் பக்கவாட்டில் நின்று நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். பிரோஷ்கா வேகமாக வந்தாள். பார்க்கிறவர்களுக்காக வருகிறாள், நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று ஸ்லாவ்கா கொஞ்சம் ஒதுங்கி வழிகூட விட்டாள். மட்டைப் பிடியைத் தளர்த்தினாள். பிரோஷ்கா வட்டைக் கொத்திக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினாள். சந்தையில் வாங்கிய சாமானைப் பையில் போடுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. கோல் என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக வந்து கை குலுக்க வேண்டும். பிரோஷ்காவின் கை வந்தபோது ஸ்லாவ்கா அதை விடவில்லை.

“லூபாவை நிறுத்தினேனே. நீ பார்க்கலையா?”

“பார்த்தேன்,” என்றாள் பிரோஷ்கா. முகத்தில் வியர்வை, கண்ணைத் தாழ்த்தவில்லை. “அதுவரைக்கும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு, நீ முந்திக்குவியோன்னு. நிறுத்தினதைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது, நீ அடிக்கவே மாட்டேன்னு.”

பின்னால் நின்றவள் தள்ள, வரிசை நகர்ந்தது. அடுத்த கை, அடுத்த கை. நல்ல ஆட்டம், நல்ல ஆட்டம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

யாரிடம் போய்ச் சொல்வது? நடுவரிடமா, நகரசபையிடமா? திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்லாவ்காவுக்குக் கட்டின பல்லும் சேர்ந்து வலித்தது.

நடைவழியில் செர்பிய அணித் தலைவி நெவேனா காத்துக்கொண்டிருந்தாள். தடியான பெண், அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. ஸ்லாவ்காவை ஹெல்மெட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

“நாங்க உங்களைத் தப்பா நினைச்சுட்டோம்க்கா. பக்கத்துப் பக்கத்து ஊரு, பழகினவங்க, பேசி வெச்சுச் சமமா முடிச்சு எங்களை அனுப்பிடுவீங்கன்னு காலையிலேயே பை கட்டி வெச்சுட்டோம். நீங்க நேர்மையா ஆடித் தோத்தீங்க. எங்க ஊர்ல போய்ச் சொல்லுவேன்.”

ஸ்லாவ்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணின் அழுகை கழுத்தில் சூடாக இறங்கியது. இறங்கட்டும் என்று நின்றாள்.

உடை மாற்றும் அறை வாசலில், இறுதிப் பட்டியல் ஒட்டிய பலகைக்கு முன்னால் லூபா நின்றுகொண்டிருந்தாள். ஸ்கேட்டைக்கூடக் கழற்றவில்லை. ஸ்லாவ்கா பக்கத்தில் வந்ததும் திரும்பாமலே பேசினாள்.

“அக்கா, நான் தனியா இருந்தேன். கீப்பர் இடது பக்கம் சாஞ்சுட்டா. கண்ணுக்கு முன்னால காலி வலை. எதுக்குக்கா கூப்பிட்டீங்க?”

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பெண் காத்திருந்தாள். ஸ்லாவ்கா அவளைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தாள். ஆஸ்திரியா ஒன்பது. ஹங்கேரி ஐந்து. செர்பியா இரண்டு. அதன் கீழே பேனாவால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, ஸ்லொவாக்கியா, இரண்டு.