கிழக்கு வாசல் கார் ஷெட்டு

லோகநாதன் பழைய ஆஸ்டின் கார் ஒன்றை வாங்கியது 1953 தை மாதத்தில். துறைமுகத்துக்குக் கூலியாள் அனுப்புகிற மேஸ்திரிக்குக் கார் என்ன கேடு என்று ராயபுரத்தில் அந்தத் தெருவே முணுமுணுத்தது. முகத்துக்கு நேரே கேட்க யாருக்கும் தைரியமில்லை. வாங்கிய மறுநாளே அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பின்கட்டுக்கு வந்து நின்றார். பின்கட்டில் குடியிருந்தவள் அவருடைய செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி வரலட்சுமி.

"ஏம்மா, வண்டிக்கு ஒரு ஷெட்டு போடலாம்னு கீறேன். உன் சந்து வழியா கார் வந்து போனா உனுக்கு ஒண்ணும் பேஜாரு இல்லியே?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததைப்போல இருந்தது வரலட்சுமிக்கு. "தாராளமா வரட்டும் மாமா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்தச் சந்து வந்த கதை தெருவுக்கே தெரியும். முன்பெல்லாம் பின்கட்டுக்காரர்கள் லோகநாதனின் முன்கட்டு நடை வழியாகத்தான் தெருவுக்குப் போகவேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் செத்த அன்று முன்கட்டில் லோகநாதன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்த மனுஷன் நடைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, "பொணம் இந்த வழியா வரக் கூடாது" என்றார். கூடப் பிறந்தவன் பிணம்! வரலட்சுமி பின்சுவரைக் கடப்பாரையால் இடிக்கச் சொல்லி, ஓட்டை வழியாகச் சாக்கடைப் பக்கம் புருஷனை இறக்கினாள். பிறகு வெட்கப்பட்ட தெருப் பெரியவர்கள், லோகநாதனைக் கொண்டு கிழக்கே எட்டடி அகலச் சந்தை அவள் பேரில் எழுதிக் கொடுக்கவைத்தார்கள். அவளுக்குச் சந்து கிடைத்தது, வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

முன்கட்டுக்கும் சந்துக்கும் நடுவே கிடந்த காலி மனையில் ஷெட்டு போடக் கொத்தனார் மஜீது வந்தார். கயிற்றைப் பிடித்து அளந்து, செங்கல் துண்டால் தரையில் கோடு கிழித்தார்.

"தெருப்பக்கமே கதவு வெச்சிடலாம் நைனா. நேரா உள்ள வுட்டா வேலை முடிஞ்சிது."

"தெக்கு பாத்தா? வூட்டு வாசலே தெக்கு. அதான் தம்பி போனான்றாரு ஜோசியரு. இன்னொரு தெக்கு வாசல் வெச்சா அடுத்தது நான்தானாம். கிழக்கால சந்துப் பக்கம் வையி."

"அப்போ அந்தம்மா கையில ஒரு எழுத்து வாங்கிக்கோ நைனா."

"சொந்தத்துக்குள்ள இன்னாய்யா எழுத்து? ஊரு சிரிக்கும்."

எழுத்து என்று பேச்செடுத்தால் பழைய பத்திரமும் பேச்சில் வரும். அந்த அவமானத்துக்குப் பயந்தே மனுஷன் எழுத்து கேட்காமல் விட்டார்.

அதற்குப் பிறகு பிளான் போட்டது மஜீது பாதி, வரலட்சுமி பாதி. சந்தில் வண்டி திரும்ப வேண்டாமா, கதவு பத்தடி அகலம் வையுங்கள் என்றாள். உப்புக் காற்றில் தகரம் இற்றுவிடும், ஓடு போடுங்கள் என்றாள். தெருப்பக்கத் தென்சுவரைத் திருடன் கன்னம் வைக்காதபடி ஒன்றரைக் கல் கனத்தில் எழுப்பி, உள்பக்கம் சாமான் வைக்கச் சிமெண்டுத் தட்டும் போடச் சொன்னாள். நாளைக்கு அந்தச் சுவரை இடிக்க நேர்ந்தால் நோகவேண்டும், அதுதான் அவள் கணக்கு. "உனுக்கு இவ்ளோ மூளையா!" என்று லோகநாதன் பூரித்துப்போனார். செய்த பாவம் மறந்துபோனால் மனுஷனுக்கு எல்லாரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள்.

பங்குனியில் ஷெட்டு முடிந்தது. முதன்முதலாகக் காரை உள்ளே விடும் நாளில் லோகநாதன் குடும்பமே பூஜை போடத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போனது. அந்த நேரத்தில் கத்திவாக்கத்திலிருந்து வரலட்சுமியின் அண்ணன் ஜெயவேல் வந்தான். பழைய கட்டுமரத்து மரம் ஒன்றைச் சந்து முனையில் நட்டநடுவே மூன்று முழம் ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் கல்லைப் போட்டு இடித்தான்.

மாலை போட்ட கார் வந்து சந்து முனையில் நின்றது. லோகநாதன் இறங்கினார்.

"இன்னாம்மா இது?"

"மரம். என் சந்துல நட்டுக்கீறேன்."

"நீதானே சரின்னே!"

"சொன்னேன். இப்போ இல்லைங்கிறேன்."

தெரு கூடிவிட்டது. சந்தை எழுதவைத்த பெரியவர்களும் இருந்தார்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் ஒதுங்கினார்கள்.

"அப்போ வண்டி எப்டி உள்ள போவும்?"

"தெக்கால செவுத்த இடிச்சிக்கோ. எம் புருசன அப்டித்தான் கொண்டு போனேன்."

லோகநாதன் கூட்டத்தில் நின்ற மஜீதைப் பார்த்தார். "ஒன்றரைக் கல்லு நைனா, ரெண்டு நாளாவும்" என்றார் மஜீது. காருக்குள்ளிருந்து லோகநாதன் மனைவி சொக்கம்மாள் அலறினாள்: "தெக்கால வாணாங்க! உங்க உசுரு!"

லோகநாதன் காரின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தாயே, உனுக்கு இன்னாதான் வேணும்?" என்றார்.

வரலட்சுமி கிட்டே போனாள். அவரை 'நீங்க' என்றே இத்தனை காலம் அழைத்தவள் அன்றைக்குத்தான் 'நீ' போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மரத்துக்கு இந்தாண்ட நாலடி, அந்தாண்ட நாலடி. கார்தான் போவாது, பாடை போவும். அன்னிக்கி நீ வழி வுடல. உனுக்கு நான் வுடறேன் மாமா."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். கருவாட்டுக் குழம்பை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டாள்.