கீழே வர அனுமதி

கேரல் வானத்தில் நின்றுகொண்டிருந்தாள். நிற்கவில்லை, சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று டெஸ்மண்ட் திருத்தினான். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏரிக்கு மேலே அந்தச் சின்ன விமானம் போவதும் வருவதுமாக இருந்தது, அதற்குள் என் பெண் தனியாக இருந்தாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டெஸ்மண்ட் இன்றைக்குத்தான் முதல் முறையாக அவளைத் தனியே அனுப்பியிருந்தான். ஏறி, ஒரு சுற்று, உடனே இறங்கிவிடுவேன் என்று சொல்லித்தான் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு லீவு போடவைத்து லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து என்னைக் கூட்டிவந்தாள்.

எங்களுக்குள் ஒரு பேச்சு. ஒரே தடவை வந்து பார்ப்பேன். எனக்குப் பயமாக இருந்தால் இந்தப் படிப்பு இத்தோடு சரி. அவள் அப்பா போனபிறகு நான் போட்ட நிபந்தனைகளில் கேரல் முனகாமல் ஒப்புக்கொண்டது இது ஒன்றுதான்.

விமானம் கிளம்புவதற்கே வெயில் ஏறிவிட்டது. இந்த மைதானம் இவர்களுடையது, ஆனால் தலைக்கு மேலே இருக்கும் ஆகாயம் பெரிய ஏர்போர்ட்டுக்காரர்கள் கையில் இருக்கிறதாம். அவர்கள் சரி என்று சொன்னால்தான் இங்கே சக்கரம் உருளும். இது என்ன கூத்தோ.

"ஏன் இன்னும் இறங்கல?"

"பர்மிஷன் வரல ஆன்ட்டி. பெரிய ஃப்ளைட் ஒண்ணு க்ராஸ் ஆகுது. அது போறவரைக்கும் ஏரி மேலயே ஹோல்ட் பண்ணச் சொல்லிட்டாங்க."

"மேல போறதுக்குக் கேட்டீங்க, சரி. கீழ வர்றதுக்குமா கேக்கணும்? பெட்ரோல் தீந்துச்சுன்னா?"

"நெறைய இருக்கு ஆன்ட்டி. நீங்க உக்காருங்க."

உட்காரவாவது. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் மைதானத்து வேலையாள் கோவிந்தப்பா குழாயில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தார். முதல் தடவை தனியாகப் பறந்து வருகிறவர் தலையில் தண்ணீர் கொட்டுவது இங்கே வழக்கமாம். என்னைப் பார்த்து, "பர்த்தாளெ மேடம், பர்த்தாளெ," என்று கன்னடத்தில் சொன்னார். வருவாள் என்று எனக்கும்தான் தெரியும். அவள் வருவதற்குள் வாளிக்கு என்ன அவசரம் இந்த மனுஷனுக்கு?

டெஸ்மண்டின் கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. யாரோ ஓர் ஆண் இன்னும் காத்திரு என்று ஆங்கிலத்தில் சொன்னான். அடுத்து கேரலின் குரல். அவன் சொன்னதை அப்படியே, நிதானமாக, மரியாதையாகத் திருப்பிச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ரெண்டு நிமிஷம் இருடி என்றால் கதவை அறைந்துவிட்டுப் போகிறவள். முகம் தெரியாத ஒருத்தன் சொன்னால் ஆகாயத்தில் காத்திருக்கிறாள். அந்தக் குரலில் துளி நடுக்கம் இல்லை. நான்தான் வேலிக்கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

இன்னொரு சுற்று. அதற்குப் பிறகும் ஒன்று. பிறகு ரேடியோவில் அதே ஆண் இறங்கலாம் என்று சொல்ல, விமானம் ஏரியை விட்டுத் திரும்பியது. தாழ்ந்து, ஓடுபாதையைத் தொட்டு, ஒருமுறை லேசாகத் துள்ளி ஓடியது.

கோவிந்தப்பா வாளியோடு ஓடினார். தலையிலிருந்து சொட்டச் சொட்ட கேரல் வேலிக்கு வந்தாள். சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"பயந்துட்டியா மம்மி?"

"எதுக்குப் பயப்படணும்? எரிச்சல்தான் வந்துச்சு. தலையத் தொடச்சிக்கோ, சளி பிடிக்கும்."

அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். என் உள்ளங்கை நிறைய வேலிக்கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. நான் கையை மூடிக்கொண்டேன்.