இருபத்தேழு பொய்க் காற்றுகள்

மூன்று வாரத்துக்குள் என் கணவர் லெனாட்டுக்கு இருபத்தேழு தடவை காற்று எச்சரிக்கை அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட உண்மையில்லை.

குருநகரில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்வது நான்தான். காற்று வருகிறதென்றால் அலுவலகத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வள்ளத்துக்கு ஒன்றாக நூற்றெண்பத்தாறு போன்களுக்குச் செய்தி போகும். இலக்கங்கள் இருப்பது செற்றிங்ஸ் கோப்பில். சங்கத்தின் சேர்வரில் உள்ள கோப்பில் நூற்றெண்பத்தாறும் உண்டு. என் மடிக்கணினியில் உள்ளது சோதித்துப் பார்க்க. அதில் இரண்டே இலக்கங்கள், என்னுடையதும் லெனாட்டினதும். இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர். வேறு பெயர் வைக்க எனக்குப் பஞ்சி, சோம்பல், வேறென்ன!

லெனாட் பொறுமையான மனிசன். "கடும் காற்று, கடலுக்குப் போகவேண்டாம்" என்று ஒவ்வொரு தடவை வரும்போதும், கை வேலையை விட்டுவிட்டு "வந்திட்டுது" என்று பதில் போடுவார். "உதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, சும்மா சோதினை" என்று சொல்லிவைத்தவளும் நானேதான்.

வியாழக்கிழமை காலை புதுப் பக்கமொன்றைச் சேர்வருக்கு ஏற்றினேன். பின்னேரம் மூன்று மணிக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் வந்தது: ஐந்து மணிக்குப் பிறகு கடும் காற்று. சங்கத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார். மேசையில் என் போன் கத்தியது.

"உன்ரை கத்துது. என்ரை ஏன் பிள்ளை கத்தேல்லை? எனக்கும் வள்ளம் இருக்கெல்லோ?"

சங்கத்தின் கோப்பில் என் இலக்கமே இல்லை. எனக்கு வந்ததென்றால், காலையில் பக்கத்தோடு சேர்த்து என் சோதனைக் கோப்பையும் ஏற்றி, சங்கத்தின் கோப்பை அழித்திருக்கிறேன். மாதாவே! எனக்கெல்லாம் ஒரு மண்டை!

நல்லகாலம், பழைய கோப்பின் பிரதி இருந்தது. அதை ஏற்றினேன். "அண்ணை, இன்னொருக்கா அமத்துங்கோ." இந்தத் தடவை அவருடைய போனும் கத்தியது. பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகப் போன் எடுத்தார்கள். அனேகமானவர்கள் இன்னும் கரையில்தான். கடலிலிருந்து எடுத்த நாலு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

லெனாட் மட்டும் எடுக்கவில்லை. நல்ல இடம் பிடிக்கவென்று இரண்டு மணிக்கே தனியாகப் போனவர். போனைப் பார்த்தேன். அவரிடமிருந்து இரண்டு பதில்கள். முதலாவது, "வந்திட்டுது." மற்றது, "இதுவும் வந்திட்டுது."

காற்றுக்குள் போய்க்கொண்டே என் வேலை சரியென்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்! இனி நான் எதை எழுதினாலும் அதே பதில்தான் வரும்.

போன் எடுத்துக் கதைக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் வள்ளத்தில் கால் வைத்தவரைப் பின்னால் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கூடாது, கெடுதல் வரும். கலியாணம் முடித்த பதினொரு வருடத்தில் அவர் கடலில் இருக்கையில் ஒருநாளும் நான் எடுத்ததில்லை. நீக்கிலாப்பிள்ளை அண்ணையைப் பார்த்தேன்.

"எடு பிள்ளை" என்றார்.

சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தேன். நாலு தரம் மணி அடித்தது.

"ஆருக்கு என்ன?" என்றார் லெனாட். ஹலோகூட இல்லை.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. காத்து வருது. இது மெய்யான காத்து. திரும்புங்கோ."

"திரும்பீட்டன்."

"எப்ப?"

"உன்ரை பேரைப் போனிலை கண்டோடனை."

ஐந்து மணிக்கு முன்பே வந்துவிட்டார். வள்ளத்தைக் கட்டி முடிப்பதற்குள் காற்றும் வந்தது. இறங்குதுறையில் எல்லாரும் பார்க்க அழுதேன், வெட்கமாக இருக்கவில்லை.

அன்றே சோதனைக் கோப்புக்கு வேறு பெயர் வைத்தேன். அவருடைய இலக்கத்தை அதிலிருந்து எடுத்தேன். இனிப் பொய்க் காற்றெல்லாம் எனக்கு மட்டும்தான்.

"அப்ப இனி எனக்கு வராதோ?" என்று கேட்டார், ஏதோ உத்தியோகத்தை விட்டு நிறுத்தினமாதிரி.

"வரும். வந்தால் பதில் போடாதேங்கோ. வள்ளத்தைத் திருப்புங்கோ."