தாகம் அடங்காத கார் ஷெட்

1968-ஆம் வருஷம் கத்திரி வெயில் தொடங்கிய நான்காம் நாள், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அரிசி மண்டி சந்திரப்பிரபு நயினாரின் கார் ஷெட் தரை பதினோரு குடம் தண்ணீர் குடித்தது. புதிதாகப் போட்ட கான்கிரீட் வெடிக்காமல் இருக்க, அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். கொத்தனார் வீராசாமி அப்படி ஊற்றியதுதான். பன்னிரண்டாவது குடத்துக்குப் போனவர் பாதி வழியிலேயே திரும்பி வந்தார். "நயினாரே, ஓட்டை ஒடசல் எதுவும் இல்லீங்க. தரைதான் குடிக்குது. பதினோரு குடம் உள்ள போச்சு, ஒரு ஏப்பம்கூட வுடல" என்றார்.

தெருவில் இருபத்தெட்டு வீடு, நாற்பது தறி, ஒரே ஒரு கார். அந்தக் காரும் அப்போது வந்து சேரவில்லை. வேலூரில் பழைய அம்பாசடர் ஒன்றைப் பேசி முடித்துவிட்டு, அது வருவதற்குள் தரை தயாராக வேண்டுமென்று நயினார் பறந்தார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு என்பதால், சமணர் வீடுகளில் குடிக்கும் நீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதைப் பதமாகக் கிணற்றிலேயே திரும்ப விடுவார்கள். நயினார் ஒரு படி மேலே போய்க் கான்கிரீட்டுக்கும் வடிகட்டினார். நாலாக மடித்த வேட்டியைக் கிணற்றடியில் தானே பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கொசுப்புழுகூடச் சாகாத தளம் இந்த ஜில்லாவிலேயே இதுதான் என்று அவர் சொல்லிச் சொல்லி, தெருவில் கொசுக்களுக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்தது.

தரை ஏன் குடிக்கிறது என்று ஊரே யோசித்தது. நயினார் யோசிக்கவில்லை. அவருக்குத் தெரியும். தளம் போட்ட அன்று, வடிகட்டிய நீரைக் கலவைக்குச் சுமந்தவள் ஓரிக்கையிலிருந்து வந்த சித்தாள் கங்கையம்மாள். கிணற்றைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. வேறொருவர் இறைக்க, நயினார் வடிகட்ட, அவள் தூரத்தில் நின்று குடத்தில் ஏந்திக்கொண்டாள். அறுபது நடைக்குப் பிறகு, உச்சி வெயிலில், "சாமி, தொண்ட காஞ்சிபோச்சு. ஒரு வாய் தண்ணி ஊத்து சாமி" என்று இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். வேட்டியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஊற்றிவிடத்தான் நினைத்தார். எதிர் வீட்டில் யாரோ எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. உடனே காது கேளாதவர்போல வானத்தைப் பார்த்தார். கத்திரி வெயிலில் ஒரு மேகமும் இல்லாத வானத்தை, மழை வருமா என்று சோதிக்கிறவர் மாதிரி, அவள் குவித்த கையைப் பிரித்துக்கொண்டு போகும்வரைக்கும் பார்த்தார்.

எதிர் வீட்டில் எட்டிப் பார்த்தது நாங்கள்தான். எங்கள் வீட்டிலும் கிணறு இருந்தது.

கார் வந்தது. முதல் வாரமே தரை அதன் ரேடியேட்டர் தண்ணீரைக் குடித்தது, பிறகு என்ஜின் ஆயில், பிறகு பெட்ரோல். "மேல் பூச்சு சரியில்லை, நல்லதாக ஒன்று பூசிவிட்டால் அடங்கிவிடும்" என்று நயினார் எல்லோரிடமும் சொன்னார். அதிலிருந்து நாலு வருஷம் பூச்சு தேடுவதிலேயே போயிற்று. பெயிண்ட் கடை பஞ்சாட்சரம் முதலில் சிவப்புக் காவி கொடுத்தார். காலையில் பூசியது மாலையில் இல்லை. பச்சை எனாமல் மூன்று கோட் போட்டார்கள். நாலாவதுக்கும் தரை தயாராக இருந்தது. ரோடு போடுகிறவர்களிடம் தார் வாங்கி ஊற்றியபோது இரண்டு நாள் தயங்கிவிட்டு, மருந்து குடிக்கிற பிள்ளைபோல ஒரே மூச்சில் விழுங்கியது. தறியில் ஏற்றுவதற்குமுன் பட்டுப் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியைப் பூசிப் பார்க்கச் சொன்னார் ஒரு நெசவாளர். அதைத் தரை மிகவும் விரும்பிக் குடித்தது. 1971-இல் மெட்ராஸிலிருந்து இரண்டு டப்பாவாக ஒரு புதுச் சரக்கு வந்தது. இரண்டையும் கலந்து அரை மணிக்குள் பூசிவிட வேண்டும், கல்லாய் இறுகிவிடும். "ஏரோப்ளேன் நிக்கிற எடத்துக்கே இதத்தான் பூசறாங்கபா. இதுக்கு மேல ஒலகத்துல பூச்சே கெடையாது" என்றார் பஞ்சாட்சரம். தரை அதைக் குடித்தது, கூடவே பிரஷையும் இழுத்துக்கொண்டது. பிரஷின் கட்டையை மட்டும் மறுநாள் திருப்பித் தந்துவிட்டது.

இந்த நாலு வருஷமும் ஆவணிக் கடைசியில் பத்து நாள் விரதம் முடிந்ததும், சமணர் வழக்கப்படி நயினார் கை கூப்பி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மனைவி மதனவதியிடம் கேட்டார். மண்டி ஆட்களிடம், பஞ்சாட்சரத்திடம், சர்க்கரை டின்னில் இருந்த எறும்புகளிடம் கேட்டார். ஓரிக்கைக்கு மட்டும் போகவில்லை. காரில் பெட்ரோல் இல்லை என்றார். அது உண்மையும்கூட.

1972-இல் அந்த நாள் வந்தபோது மதனவதி கேட்டாள்: "ஏங்க, அந்தத் தரைக்கு என்னதாங்க வேணுமாம்?"

"நல்ல பூச்சு ஒண்ணு அமையல."

"பூச்சா? இன்னும் எத்தினி நாளைக்குத்தான் மெழுகுவீங்க? அன்னைக்கு நீங்க வானத்தைப் பார்த்துக்கினு நின்னதை நான் ஜன்னல்லருந்து பார்த்துக்கினுதான் இருந்தேன்."

மதனவதி தலையைக் குனிந்துகொண்டாள். "கையில சொம்பு வேற வச்சிருந்தேங்க. நானும் வெளியில வரல" என்றாள்.

நயினார் ஓரிக்கைக்கு நடந்தே போனார். மூன்று மைல் வழியிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கங்கையம்மாள் குடிசை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் கை கூப்பியதும் பதறி எழுந்தாள். வடிகட்டிய நீர், குவித்த கை, வானம் எல்லாவற்றையும் அவர் ஒன்று விடாமல் சொன்னார். அவள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள்.

"எந்த வூடு சாமி?"

"பிள்ளையார்பாளையம். கார் ஷெட்டு."

"நெனப்பில்லியே சாமி. நான் எத்தினியோ தளத்துக்குச் சொமந்துக்கீறேன். எல்லா வூட்லயும் அப்படித்தான். உன் வூட்ட மட்டும் எங்க தனியா நெனப்பு வச்சிக்கிறது?"

அவளிடம் கோபம் இல்லை. சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள். கோபத்துக்குத்தான் நயினார் வழியெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தார். வியர்த்துப்போய் நிற்கிறவரைப் பார்த்து, உள்ளே போய் ஒரு டம்ளரில் பாலாற்று ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். நீட்டும்போது ஒரு கணம் கை நின்றது. "குடிப்பியா சாமி?" என்றாள். வடிகட்டாத தண்ணீர். அறுபது வயதில் முதல் தடவை, நயினார் அதை உதடு வைத்துக் குடித்தார். உள்ளே எத்தனை உயிர் போயிற்றோ, அந்தப் பாவம் அவரோடு. அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மறந்துபோனதை எப்படி மன்னிப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. "வெயில் எறங்கினப்பறம் போ சாமி" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்தபோதும் தரை குடித்துக்கொண்டுதான் இருந்தது. நயினார் காரை விற்றார். மறுநாள் முதல் தினமும் உச்சி வெயிலில், கிணற்றில் தானே இறைத்து, ஒரு குடத்தைத் தலையில் வைத்துத் தெருவாசல் வழியாகச் சுற்றி ஷெட்டுக்கு நடந்தார். மண்டி முதலாளி தலையில் குடத்தோடு போனால் தெரு சும்மா இருக்குமா? முதல் வாரம் சிரித்தோம். இரண்டாம் வாரம், "இன்னா நயினாரே, வேண்டுதலா?" என்று கேட்டோம். "இல்லபா, தாகம்" என்றார். வேறு விளக்கம் கொடுக்கவில்லை. மூன்றாம் வாரம், வீதியில் நீட்டியிருந்த பாவு நூலைத் தூக்கிப் பிடித்து அவருக்கு வழி விட்டோம். அந்த ஐப்பசியிலிருந்து, கிணற்றில் ஒரே ஒரு குடம் ஊறுகிற பஞ்ச நாட்களிலும், தரைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மதனவதி அந்த வீட்டில் உலை வைத்தாள்.